ஒரே வீட்டில் இரண்டு சமையல்

மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கு உப்பில்லாத கூட்டு, மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. காப்பாற்றப்பட வேண்டிய இதயங்கள் சாப்பாட்டு மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீடு திரும்பிய மறுநாளே அடுப்பில் ஒரு புதிய சின்னப் பாத்திரம் ஏறுகிறது. டிஸ்சார்ஜ் காகிதங்களோடு வந்த டயட் ஷீட் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்படுகிறது. அப்பாவுக்கு உப்புக் குறைத்த கூட்டு, எண்ணெய் காட்டாத கறி, இரண்டு சப்பாத்தி. மற்றவர்களுக்கு வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், அப்பளம். அப்பா ஊறுகாய் ஜாடியை ஏக்கத்தோடு பார்க்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் 24 வயது மகன் மூன்றாவது முறையாகச் சாதம் போட்டுக்கொள்கிறான்.

சென்னை மயிலாப்பூரிலும் மும்பை மாதுங்காவிலும் டெல்லி கரோல் பாகிலும் பெங்களூர் மல்லேஸ்வரத்திலும் எத்தனையோ வீடுகளில் பழகிப்போன காட்சி இது. இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. இரண்டு சமையல் செய்து அம்மா களைத்துப்போகிறார். தனித்தட்டில் சாப்பிட்டு அப்பாவுக்கு அலுத்துப்போகிறது. ஒரு கல்யாணம், ஒரு தீபாவளி, அதோடு டயட் ஷீட் மங்கி, பால் கணக்குக்கும் கேஸ் ரசீதுக்கும் கீழே மறைந்துவிடுகிறது.

அந்த ஷீட் யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்பாவின் ரத்தக் குழாயில் அடைப்பு ஒரே இரவில் வரவில்லை. அது இருபது, முப்பது வருடங்களாக, அதே மேஜையில், அதே சாப்பாட்டில் படிந்தது. மகனுக்கு அந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

முந்திக்கொள்ளும் நோய்

இந்தியாவில் நிகழும் மரணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்களே காரணம். எண்ணிக்கையைவிட அதிகம் கவலை தருவது வயது. கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற சலீம் யூசுப்பின் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் முடிவுகள் 2004இல் வெளியாயின. அதில் தெற்காசியர்களைத் தனியே எடுத்து 2007இல் கணக்குப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு வரும் நடுத்தர வயது மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59 ஆக இருக்க, நம் பகுதியில் 53 ஆக இருந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசும் வயது. வீட்டுக் கடன் இன்னும் முடியாத வயது.

அதே ஆய்வு ஒரு நல்ல செய்தியையும் சொன்னது. உலகெங்கும் முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களிடம் 90 சதவீதத்தையும் பெண்களிடம் 94 சதவீதத்தையும் ஒன்பது காரணங்களுக்குள் அடக்கிவிடலாம், ஒன்பதுமே மாற்றக்கூடியவை. புகையிலை, உடற்பயிற்சியின்மை, மன அழுத்தம் ஆகியவை ஒருபுறம் இருக்கட்டும். ரத்தக் கொழுப்புக் கோளாறு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, தினமும் காய்கனி சாப்பிடாமை ஆகிய ஐந்தும் ஏதோ ஒரு வகையில் சமையலறை வழியாக வருபவை.

இந்த ஐந்தில் நம் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்து, 2023இல் வெளியிட்ட முடிவுகளைப் பார்க்கலாம். பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பை. ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு உள்ளவர்கள் 81.2 சதவீதம். ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்தால் நான்கு பேருக்குக் கொழுப்புக் கணக்கு சரியில்லை என்று அர்த்தம். ஆனால் டயட் ஷீட் ஒருவருக்கு மட்டும்தான்.

‘பையன் ஒல்லியாகத்தானே இருக்கிறான்’ என்று ஆறுதல் அடைபவர்கள், புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட தங்கள் புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். இருவரும் பார்ப்பதற்கு ஒல்லி. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே அளவுதான்: 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடல் ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பைச் சேர்த்துவைக்கும். அதனால் எடை பார்க்கும் இயந்திரத்தைவிட தையல்காரரின் டேப் நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே உஷாராக வேண்டும்.

நெய்யா, சோறா?

இதய நோய் என்றதும் வீட்டில் முதலில் நாடு கடத்தப்படுவது நெய். சோற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் 1967லேயே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவர் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் பதிவுகளை அலசிய அவர், பஞ்சாபியர்களைவிடத் தென்னிந்திய ஊழியர்களிடம் இதய நோய் ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார். இத்தனைக்கும் பஞ்சாபியர்கள் உண்ட கொழுப்பு தென்னிந்தியர்கள் உண்டதைப் போல் 8 முதல் 19 மடங்கு. பதிவேடுகளை வைத்துச் செய்த அந்த ஆய்வைக் கொண்டு நெய்க்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. இன்று பஞ்சாபும் இதய நோயில் பின்தங்கியிருக்கவில்லை. ஆனாலும், கொழுப்பைக் குறைவாகச் சாப்பிடுபவனின் இதயம் ஏன் பழுதாகிறது என்ற கேள்வி நிலைத்துவிட்டது.

விடையின் ஒரு பகுதி, தட்டில் குவியும் மாவுச்சத்து. தேவைக்கு மேல் போகும் சோறும் ரொட்டியும் ரவையும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாக உருமாறுகின்றன. ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். இறங்குகிறது. ஒரு சொட்டு நெய் தொடாதவருக்கும் இது நடக்கும்.

மேற்சொன்ன நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்களின் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. பெரும்பங்கு தெற்கிலும் கிழக்கிலும் வெள்ளை அரிசி, வடக்கிலும் மேற்கிலும் கோதுமை. தமிழ்க் குடும்பங்களின் பிரியமான மருந்தான ‘ராத்திரி சப்பாத்தி’க்கும் இந்த ஆய்வு குட்டு வைக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழு கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றிக்கொண்டவர்களிடம் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. குறைந்தது, மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் கழித்து அந்த இடத்தைப் பருப்பு, பயறு, பால் பொருட்களின் புரதத்துக்குக் கொடுத்தவர்களிடம்தான். நான்கு கவளம் சோற்றுக்குப் பதிலாக நான்கு சப்பாத்தி என்பது, சட்டையை மாற்றிக்கொண்டு அதே ஆள் திரும்பி வருவது போல.

சீட்டில் தெரியும் இதயம்

தீட்டிய அரிசியோடு இந்திய ஊட்டச்சத்து அறிவியலுக்குப் பழைய வழக்கு உண்டு. அரிசியைத் தீட்டுவதால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான், 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவரின் தட்டை இப்படிப் பிரிக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. அசைவம் சாப்பிடுபவர்கள் பருப்பின் ஒரு பகுதிக்கு முட்டை, மீன், கோழி வைத்துக்கொள்ளலாம்.

இதை மாதக் கணக்காக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அரிசி, கோதுமை, ரவை, இட்லி மாவுக்கு ஊறவைப்பது எல்லாம் சேர்த்து 30 கிலோ. பருப்பும் பயறும் 10 கிலோ. எண்ணெய், நெய், வெண்ணெய் மூன்றும் சேர்த்து மூன்றரை லிட்டர். காய்கறி தினமும் 1,600 கிராம். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அரிசியும் எண்ணெயும் இதைத் தாண்டி, பருப்பும் காயும் இதில் பாதியைக்கூட எட்டாமல் இருந்தால், அந்த வீட்டுக்கு டயட் ஷீட் ஏற்கெனவே தேவைப்படுகிறது.

இதற்காக யாரும் ஆலிவ் எண்ணெய்க்கும் அவகாடோவுக்கும் போக வேண்டியதில்லை. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியாகி, 2018இல் திருத்தி மீண்டும் பதிப்பிக்கப்பட்ட பிரெடிமெட் ஆய்வில், காய்கனி, பயறு, மீன் நிறைந்த உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்துக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் மொத்த ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. அவர்கள் சாப்பிட்டது அவர்கள் ஊர்ச் சாப்பாடு. அதே வேலையைச் செய்யக்கூடிய பயறும் கீரையும் வேர்க்கடலையும் நம் கடைத்தெருவில் இருக்கின்றன.

அவித்த வேர்க்கடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கடற்கரையில் விற்கும் பொழுதுபோக்குப் பண்டங்களாகவே நின்றுவிட்டன. அவை மாலைப் பலகாரமாக வீட்டுக்குள் வர வேண்டும். ஐந்து இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி என்பது மூன்று இட்லிக்குக் காய் போட்ட ஒரு கிண்ணம் சாம்பார் ஆகலாம். வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, அண்டை வீட்டுச் சமையல். மும்பைத் தமிழர்கள் வடா பாவை எளிதாகக் கற்றுக்கொண்டார்கள். அதே மராட்டிய வீட்டின் முளைகட்டிய பயறு உசலைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆந்திரத்தின் கீரைப் பப்பு, டெல்லியின் ராஜ்மா, வங்காளத்தின் கடுகெண்ணெய் மீன் குழம்பு எல்லாமே இதயத்துக்கு நெருங்கிய உறவினர்கள். டெல்லியிலும் பெங்களூரிலும் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் மூன்று நான்கு முறை கீரை சாப்பிடுபவர்களிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது. கடுகெண்ணெயில் சமைத்த வீடுகளிலும் அப்படித்தான்.

பரிமாறும் வரிசையை மாற்றுவதற்குச் செலவே கிடையாது. முதலில் பொரியல், கூட்டு, பருப்பு, பிறகு சாதம். வயிறு பாதி நிறைந்தபின் வரும் சாதம் தானாகவே ஒரு கரண்டி குறைகிறது. ஆனால் உருளைக்கிழங்கு ரோஸ்டைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது சோற்றின் பங்காளி.

காபியையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாளைக்கு நான்கு டம்ளர், டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே சுமார் 40 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச வரம்பு 25 கிராம். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் நிறத்தில் வேறு. இந்தக் கணக்கில் வேறல்ல.

எண்ணெய்ச் சட்டி

எந்த எண்ணெய் நல்லது என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் பட்டிமன்றம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும், நெய்யில் 60 சதவீதத்துக்கும் மேலும், பாமாயிலில் சுமார் பாதியும், எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கடுகெண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகியவற்றில் அது மிகக் குறைவு. ஒன்றையே கட்டிக்கொண்டிராமல் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. ரசத்தில் தாளிக்க ஒரு டீஸ்பூன் நெய் ஊற்றுவதால் யாருக்கும் மாரடைப்பு வந்துவிடாது. ஆனால் ‘செக்கில் ஆட்டியது’ என்பதற்காகக் கணக்கில்லாமல் ஊற்றினால் எந்த எண்ணெயும் எதிரிதான். எல்லா எண்ணெய்க்கும் கிராமுக்கு ஒன்பது கலோரி.

பெரிய ஆபத்து எண்ணெயின் வகையைவிட அதன் வயதில் இருக்கிறது. பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுபடி மறுபடி காய்ச்சினால் அது சிதைந்து, ரத்தக் குழாய்களுக்குத் தீங்கு செய்யும் பொருட்களை உண்டாக்குகிறது. ஓட்டல்களிலும் கடைகளிலும் எண்ணெயில் இந்தச் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் சட்டம். வனஸ்பதி போன்றவற்றில் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கும் கடிவாளம் விழுந்திருக்கிறது: 2021இல் 3 சதவீதம், 2022இல் 2 சதவீதம் என வரம்பு இறங்கியது. ஆனால் தெருமுனை பஜ்ஜிச் சட்டியின் வயதை எந்த அதிகாரியும் தினமும் வந்து பார்க்க முடியாது. நம் வீட்டுச் சட்டியின் வயதை நாம் பார்க்கலாம்.

ஒரு கிலோ உப்பு

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். 2017-18இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இந்தியர்களின் சராசரி 8 கிராம் என்று தெரிந்தது. இதற்கும் மளிகைச் சீட்டே போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஒரே மாதத்தில் தீர்ந்தால், தலைக்குத் தினமும் 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ் வழியாக வருவது தனி. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருப்பதால் சோடியம் இரண்டு வழியில் சேர்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

நாக்கு பழகக்கூடியது. உப்பை ஒரேயடியாக நிறுத்தினால்தான் கலகம் செய்யும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், இஞ்சி, கொத்துமல்லி ஆகியவற்றைக் கூட்டினால் சில வாரங்களில் பழைய உப்பே கரிக்க ஆரம்பிக்கும். பொட்டாசியம் கலந்த உப்பும் உதவுகிறது. சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

டாக்டரைக் கேட்க வேண்டிய இடங்கள் வேறும் உண்டு. வால்வு மாற்றி, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்குத் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. பூண்டையும் வெந்தயத்தையும் நம்பி கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துபவர்கள் விலை கொடுக்கிறார்கள். சாப்பாடு மாத்திரைக்குத் துணை. அதன் இடத்துக்குப் போட்டியிடக் கூடாது.

கடைசியாகச் சாப்பிடுபவர்

இந்தக் கதையில் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று சமைத்துவிட்டு, எல்லோரும் எழுந்தபின் அடிச்சட்டியில் மிஞ்சிய சோறும் குழம்பும் ஊறுகாயும் சாப்பிடும் அம்மா. காய் தீர்ந்திருக்கும், சோறு இருக்கும். வீணாகக் கூடாது என்று காலையில் மிஞ்சிய வடையும் அவர் தட்டுக்கே வரும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் மாரடைப்பு ஆபத்து வேகமாக ஏறுகிறது. ஆனால் அவர் இடுப்பளவையோ ரத்த அழுத்தத்தையோ கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டு சமையலின் மிகப் பெரிய நஷ்டம் அவருக்குத்தான்.

வழி எளிது. சின்னப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, டயட் ஷீட்டைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம். எல்லோருக்கும் ஒரே கூட்டு, ஒரே சாம்பார், ஒரே அளவு உப்பு. வேண்டுபவர் வேண்டிய அளவு சாதம் கூட்டிக் குறைத்துக்கொள்ளட்டும். பண்டிகைக்கு வடையும் பாயசமும் இருக்கட்டும். ஆனால் தினமும் பண்டிகை வேண்டாம். காயும் பருப்பும் நான்கு பேருக்கும் போதுமான அளவு சமைத்து, நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால், அப்பாவுக்குத் தனித்தட்டின் தண்டனை தீரும். அம்மாவுக்கு ஒரு வேலை குறைந்து, தட்டில் காயும் கிடைக்கும். 24 வயது மகனோ தன்னை அறியாமலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட்டிருப்பான், நோய் வருவதற்கு முப்பது வருடம் முன்பே.